மூன்று மடிப்பு

சிம்மக்கல்லில் மாடிப்படிக்குக் கீழே
பத்துக்கு எட்டு அறையில் உட்கார்ந்து
ஊருக்கே சட்டை போட்டுவிடுகிறவன் நான்.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர். பெயர் ‘துணி’.
பதினேழு வெள்ளைச் சட்டை, நாலு பட்டு வேட்டி,
மாம்பழ நிறத்தில் ஒரு புடவை,
ஒரே ஒரு நீலக் கோட்.
அந்தக் கோட்டைக்
காதுகுத்துக்கு வந்த தாய்மாமன் போட்டிருக்கிறார்,
வட்டச் செயலாளர் போட்டிருக்கிறார்,
வாழ்நாளில் சட்டையே போடாத செல்லூர்க்காரர் ஒருவர்
இறந்த மறுநாள் போட்டுக்கொண்டார்.
எல்லோருக்கும் தோள் சரியாக இருந்தது.

ஆள் பாதி ஆடை பாதி என்பதெல்லாம் வெளியே.
இங்கே கழுத்துக்கு மேலே ஆள்,
கீழே நான்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு மத்தியானம்
ஒச்சம்மாள் வந்தாள்.
கூட வந்த பையன் கையில் போன்,
போனுக்குள் சோணைமுத்து.
கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்கியவர்.
வயது நாற்பத்தாறு.
கண்ணீர் அஞ்சலி, எட்டுக்கு ஆறு,
பதினாறாம் நாளுக்கு வேண்டும்.

படத்தில் கட்டம் போட்ட சட்டை.
வழக்கம்போலக் கழுத்தோடு வெட்டினேன்.
வெள்ளைச் சட்டை, பையில் பேனா,
ஏழு நிமிஷ வேலை.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
“இது ஆரு?” என்றாள்.

“பேனர்ல பளிச்சுனு இருக்கணும்லக்கா.”

“அவுரு வெள்ளை போட மாட்டாரு.
சாயங்காலம் குளிச்சுட்டுப் போடுறதுக்குன்னு
கட்டம்தான் எடுத்தாரு.”

அப்புறம் சொன்னாள். அழவில்லை,
பால் கணக்குச் சொல்வதுபோல:
விளக்குத்தூண் பக்கம் எடுத்தது.
ஆயிரத்து நூத்தம்பது.
நாலு சட்டைக் காசாச்சே என்று இவள் வைதிருக்கிறாள்.
நாலு சட்டை நாலு வருஷம்,
இது ஒண்ணே எட்டு வருஷம் என்றாராம்.
ஒன்பது வந்தது.

லோடு இறக்கி முடித்ததும் மண்டிக் குழாயில் குளித்து,
ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்துப் போட்டு,
கையை மூன்று மடிப்பு
முழங்கைக்கு ஒரு விரல் கீழே வந்து நிற்க மடித்து,
மூன்று தெரு நடந்து வருவாராம்.

“மூணு தெருவுக்கு எதுக்குய்யா அயர்ன் சட்டைன்னேன்.
பகல் பூரா மூட்டையத்தான பாக்குறாய்ங்க,
இந்த மூணு தெருவுலதான் என்னையப் பாக்குறாய்ங்கன்னாரு.”

வெள்ளையைக் கழற்றினேன்.
படத்திலோ தோளோடு முடிகிறது சட்டை.
என் பதினேழிலும் மடித்த கை ஒன்றுகூட இல்லை.
மௌஸால் வரைந்தேன்.
“இன்னும் கீழ.”
“அம்புட்டு லூசா இருக்காது.”
“பட்டையா மடிப்பாரு தம்பி, இப்புடிச் சுருட்ட மாட்டாரு.”
நான்கு முறை அழித்தேன்.
கரண்ட் போய் வந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து
என் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி
ஒன்று,
இரண்டு,
மூன்று.
கட்டைவிரலால் ஒரு நீவு.

யாரும் பேசவில்லை.
பையன் போனில் படம் எடுத்தான்.

பேனரில் நின்றவருக்குக் கை என்னுடையது.
கட்டத்தோடு கட்டம் சேரப் பொருத்தி
நிறம் மாற்றி அனுப்பினேன்.
மணிக்கட்டில் இருக்கும் மச்சத்தை
அழிக்க மறந்துவிட்டேன்.
அவளும் கவனிக்கவில்லை,
அல்லது சொல்லவில்லை.
ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாய்.
ஆறு ரூபாயைக்கூட எண்ணிக் கொடுத்தாள்.

கார்த்திகையில் ஒருநாள்
கீழமாரட் வீதியில் வண்டி நகரவில்லை, பேய்மழை.
நடைபாதையில் அடுக்கிய மூட்டைகள் மேல்
பழைய ஃபிளெக்ஸ்களை விரித்திருந்தார்கள்.
அரைத் தலைவர்கள், பூப்புனித நீராட்டு, காதுகுத்து.
ஒன்றில் முகம் அந்தப் பக்கம் மடிந்திருந்தது.
இந்தப் பக்கம் கை மட்டும்.

கட்டம் போட்ட கை.
மூன்று மடிப்பு, பட்டையாக.
மச்சம்.

தண்ணீர் அதன் மேல் ஓடி
சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.
அடியில் ஒரு வெங்காயமும் நனையவில்லை.